என் அடுப்பில் கிழங்கான்

7.2.95 செவ்வாய்

காலையில் இவர் இட்லி சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. மதியம் ரசம் சாதம். அதுவும் வந்தது. டி.பி. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இதே கதைதான். கோழை துப்பும் சட்டியை நான்தான் கழுவுகிறேன், பிளீச்சிங் பவுடர் போட்டு. அதில் எனக்கு அருவருப்பே இல்லை. கட்டிக்கொண்டவரின் உடம்பு, அவ்வளவுதான்.

சாயங்காலம் அடையாறு டாக்டரிடம் போனோம். எடை மறுபடி குறைந்திருக்கிறது. சாப்பாடு தங்காவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டிவரும், நடுவில் நிறுத்தினால் நோய் முற்றிவிடும் என்றார். முட்டை, மீன் என்று ஏதாவது கொடுத்துப் பாருங்களேன் என்றார். நாங்கள் அதெல்லாம் தொடுவதில்லை என்றேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார். இவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

ஆட்டோவில் வரும்போது மெதுவாகச் சொல்கிறார்: முட்டை வேண்டாம், அந்த வாடையே ஆகாது. மீன் என்றால், மருந்து என்று நினைத்துக்கொண்டு முழுங்கிப் பார்க்கலாம்.

மந்தைவெளி வரும்வரை மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

9.2.95 வியாழன்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கைசர் ஜஹானிடம் கேட்டேன். ட்ரங்க் கால் மேஜையில் பக்கத்து சீட்டு. பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவளிடம் கேட்பதற்கே நாக்கு கூசியது. முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கிழங்கான் என்று ஒரு மீன், வாங்கித் தருகிறாளாம். வெள்ளைச் சதை, முள் கம்மி, நோயாளிக்கு ஆகும், வாடையும் அதிகம் கிடையாது என்றாள். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு, எலுமிச்சை பிழிந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து, கல்லில் எண்ணெய் விட்டுப் போட்டு எடுக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் சிவந்ததும் ஒரே தடவை திருப்பு, சும்மா சும்மா கிண்டாதே என்று இரண்டு தரம் சொன்னாள். வாழைக்காய் வறுவலைவிட சீக்கிரம் ஆகிவிடுமாம்.

வாழைக்காயையும் இதையும் ஒரே வாயால் சொல்கிறாளே!

10.2.95 வெள்ளி

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றுவிட்டேன். நோய்க்குத் தெரியுமா வெள்ளி, செவ்வாய்? தெரியாது. ஆனாலும் எனக்குத் தெரிகிறதே.

15.2.95 புதன்

எழுதவே கை கூசுகிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கைசர் காலை ஷிப்டுக்கு வரும்போதே கொண்டுவந்துவிட்டாள். தலை கிள்ளி, கழுவி, ஒரு தூக்கில் ஐஸ் போட்டு. வீட்டுக்குப் போனதும் ஃப்ரிஜ்ஜில் வை என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன். பால், தயிர், தோசை மாவு, சுவாமிக்கு வைத்திருந்த கதம்பம். அதற்குப் பக்கத்தில் இதையா? முடியவில்லை. தூக்கைக் கொண்டுபோய் குளியலறை மூலையில் ஒரு வாளிக்குள் வைத்து, மேலே பழைய தாம்பாளத்தைக் கவிழ்த்தேன். கீழ் வீட்டு மாமி சாயரட்சைக்குக் கோயிலுக்குக் கிளம்பட்டும், அப்புறம் வறுக்கலாம் என்று காத்திருந்தேன்.

மாமி கிளம்பவே ஏழு மணியாகிவிட்டது. சமையலறையில் வறுக்க மனசில்லை. குளியலறையிலேயே பம்ப் ஸ்டவ்வை மூட்டி, துருப்பிடித்துக் கிடந்த பழைய தோசைக்கல்லைப் போட்டேன். தூக்கைத் திறந்தேன். ஐயோ, அந்த நாற்றம். இப்படித்தான் இருக்கும்போல, இதைத்தான் உலகம் ருசி என்கிறதுபோல என்று மூக்கில் தலைப்பைக் கட்டிக்கொண்டு மசாலாவைத் தடவினேன். கொழகொழ என்று விரலோடு வந்தது. கல்லில் போட்டதும் உதிர்ந்துவிட்டது. கைசர் சொன்ன மாதிரி ஒரே தடவை திருப்ப அங்கே முழுசாக ஒன்றும் இல்லை. வாடை வெளியே போகாமலிருக்க சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். சாம்பிராணியும் அதுவும் சேர்ந்து, சொல்லி மாளாது.

தட்டில் வைத்து நீட்டினேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நீட்டினேன். இவர் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உடனே தள்ளி வைத்தார்.

"இது கெட்டுப் போச்சு ஜானு. நல்ல கிழங்கான் இப்படி வாடை அடிக்காது."

எனக்கு முதலில் அடுப்பில் பட்ட பாடெல்லாம் வீணாயிற்றே என்றுதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. கிழங்கான் என்று நான் சொல்லவே இல்லை. மீன் என்றுகூட வாய்விட்டுச் சொல்லாமல் 'அது' என்றுதான் இந்த ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கெட்டதும் நல்லதும் ஒரே நாற்றம். இவருக்கு எப்படித் தெரிந்தது?

கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இருபது வருஷமாம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. பாரிஸ் கார்னர் ஆஃபீஸுக்குப் பின்னால் ஒரு மெஸ். கூட வேலைபார்க்கும் அமீன் முதலில் அழைத்துப்போனாராம். சாயங்காலம் பஸ் ஏறுமுன் வாயில் கிராம்பு போட்டுக்கொள்வாராம்.

அந்தக் கிராம்பு! பல்வலிக்கு என்று சொல்லி என்னையே டப்பியில் நிரப்பித் தரச் சொல்லுவாரே. நிரப்பித் தந்திருக்கிறேனே, பாவி.

16.2.95 வியாழன்

நல்ல நாள் பெரிய நாளில் இவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன். அப்படித்தான் வளர்த்தார்கள். ஆசையாகவேதான் சாப்பிட்டேன். இவர் எச்சிலில் மிச்சமிருக்கும் பாயசம் எனக்கு.

காலையிலிருந்து மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டேன். இருபது வருஷத்தைக் கொப்பளிக்க முடியுமா?

18.2.95 சனி

பேசவில்லை. மாத்திரை கொடுக்கிறேன், சட்டி கழுவுகிறேன். எதுவும் தங்கவில்லை. மோர் மட்டும். கழுத்து எலும்பு தெரிகிறது. கோபமாகப் பார்க்கலாமென்றால் பார்க்கிற மாதிரியா இருக்கிறார்?

பொய் சொன்ன வாய் என்று பட்டினி போட முடியுமா? அந்த வாய்க்குள்தான் மாத்திரையும் போகவேண்டியிருக்கிறது.

20.2.95 திங்கள்

கைசரிடம் நடந்ததைச் சொன்னேன். மீன் கெட்டுப்போனது வரை. மற்றதைச் சொல்லவில்லை. ஃப்ரிஜ்ஜில் வைக்காமல் குளியலறையில் வைத்தேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். நானும் பொறுக்காமல், எப்படித்தான் இதைத் தொட்டுச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களோ, எனக்குக் குடலே வெளியே வந்துவிட்டது என்று கொட்டினேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பன்னெண்டு வருஷமா உன் பக்கத்து சீட்டு ஜானு. நீ மத்யானம் டப்பா தொறந்தா எனக்கு வவுத்தப் பொரட்டும். அந்தப் பெருங்காயம் கீதே, ஆண்டவா. ஒரு நாள் சொல்லிக்கீறேனா?"

என் பெருங்காயமா? எங்கள் வீட்டுச் சாம்பாரா? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நான் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோவாள். தாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளன்றைக்கு மறுபடி வாங்கித் தருகிறாள்.

22.2.95 புதன்

பால் பாத்திரத்தை மேல் தட்டுக்கு மாற்றினேன். பூவை வெளியே எடுத்துவிட்டேன். தூக்கைக் கீழ் தட்டில் வைத்து ஃப்ரிஜ் கதவைச் சாத்தும்போது என்னவோ வீட்டையே விற்றுவிட்ட மாதிரி இருந்தது.

மாமி கோயிலுக்குப் போகிறவரை காக்கவில்லை. நாலரை மணிக்கே அடுப்பு, குளியலறையில்தான். இன்றைக்குச் சதை கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. நாற்றம் இருந்தது, ஆனால் அன்றைய நாற்றம் இல்லை. நாற்றத்தில்கூட நல்லது கெட்டது தெரிய ஆரம்பித்துவிட்டதே என்று என்மேலேயே அருவருப்பாக வந்தது. எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று சத்தம். ஓரம் சிவந்ததும் ஒரே தடவை திருப்பினேன். உப்புப் பார்க்க முடியாது. சுவாமிக்குப் பண்ணும்போதும் ருசி பார்க்காமல்தான் பண்ணுவேன், அந்தக் கைக்கணக்கில் போட்டேன். எதற்கு எதைக் கணக்காக வைத்தேன் பார்.

சாதத்தோடு இரண்டு மீன் சாப்பிட்டார். முள்ளை எவ்வளவு லாவகமாக ஒதுக்குகிறார்! அந்த விரல்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

வாந்தி எடுக்கவில்லை. மாத்திரை தங்கியது.

1.3.95 புதன்

கீழ் வீட்டு மாமி படியில் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதான் எல்லாரும் சாம்பிராணி போடுவா, உங்காத்துல புதன், சனிகூட மணக்கறதே, ஆத்துக்காரருக்கு உடம்பு சரியாகணும்னு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டாள். ஆமாம் மாமி என்றேன். அந்த அம்மாள் கண் கலங்கி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

எனக்கே என் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது.

18.3.95 சனி

எடை ஏறியிருக்கிறது. டாக்டர் சந்தோஷப்பட்டார். இருமல் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்றார்.

குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. பம்ப் ஸ்டவ்வைக் குளியலறையிலிருந்து எடுத்துவிட்டேன். சமையலறை காஸ் அடுப்பின் இரண்டாவது பர்னர் 'அதற்கு'.

9.4.95 ஞாயிறு

நாத்தனார் வந்தாள். இவரது ஒரே தங்கை ஸ்ரீலக்ஷ்மி. தி.நகரிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல். பிள்ளை ஸ்ரீநாத்துக்கு மே மாதம் பூணூல், பத்திரிகை கொடுக்க வந்தாள். நான் காப்பிக்குப் பால் வைத்தேன். வெயிலில் வந்தவள், ஜில்லென்று தண்ணீர் வேண்டும் என்று அவளே ஃப்ரிஜ்ஜைத் திறந்தாள். சாயங்காலத்துக்கு மசாலா தடவி வைத்திருந்த டப்பா. மூடியைத் திறந்து பார்த்தாள்.

அவள் அலறவில்லை. மூடியை மூடினாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். இது என்ன மன்னி என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து இவர் குரல்.

"ஜானுதான். டாக்டர் ஏதோ சொன்னார்னு பிடிவாதமா பண்ணிப் போடறா. நான் மருந்துன்னு கண்ண மூடிண்டு முழுங்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டா? நேற்று வாலை மொறுமொறுவென்று கடித்துவிட்டு, இன்னும் ஒன்று இருக்கா என்று கேட்டவர்!

காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் தொடவில்லை. பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, அண்ணாவின் தலையை ஒரு தரம் தடவிவிட்டுப் போனாள். பாவம் அண்ணா. அப்படித்தான் தடவினாள்.

மீனைக்கூட இரண்டு மாதமாகத் தொட்டுவிட்டேன். இவரைத் தொட இன்று மனசு வரவில்லை.

10.4.95 திங்கள்

ஏன் அப்படிச் சொன்னேள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடுவா ஜானு, நீ தாங்கிப்பே என்கிறார்.

எனக்கென்ன, தாங்கித் தாங்கிப் பழகினவள்தானே. சீ.

11.5.95 வியாழன்

பூணூல் நடந்தது. நல்லபடியாக நடந்தது என்று ஊரே சொல்லும்.

மாமா என்ற முறையில் சீரெல்லாம் இவர் கையால்தான். ஸ்ரீநாத்தைத் தோளில் தூக்கும்போது மூச்சு வாங்கியது, ஆனாலும் தூக்கினார். எல்லாரும் ஆஹா என்றார்கள். பிக்ஷை போடும் நேரம் வந்தது. பிள்ளை தட்டை ஏந்திக்கொண்டு நிற்க, அம்மா அரிசி போட்டதும் மாமி முறைக்கு நான் போடவேண்டும். நான் அரிசிக் கிண்ணத்தோடு வரிசையில் நின்றேன். ஸ்ரீலக்ஷ்மி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், சிரித்த முகத்தோடு சொன்னாள்: "மன்னி, நீங்க போடவேண்டாம். அந்தக் கையால வேண்டாமே, ப்ளீஸ்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். இவரைப் பார்த்தேன். இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டதென்று முகத்திலேயே தெரிந்தது. வாத்தியார் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார்.

அப்புறம் முதல் பந்தியில், தலை வாழை இலையில், வைதீகர்களுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தின்ற வாய்க்கு முதல் பந்தி. வறுத்த கைக்குத் தீட்டு. நான் சாப்பிடவில்லை, தலைவலி என்றேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ தேடி நடக்கும்போது அந்தக் கூட்டத்தில் யார் யாரோ இடித்தார்கள். அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். இனி என் கையால் மீன் கிடையாது. இத்தனை நாள் சாப்பிட்டது யாரென்று உங்கள் தங்கையிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

விடு ஜானு, லக்ஷ்மி சுபாவம் அப்படி என்றார்.

லக்ஷ்மியைப் பற்றி யார் பேசினார்கள்?

22.5.95 திங்கள்

இவர் மறுபடி ஆஃபீஸ் போக ஆரம்பித்துவிட்டார். பருப்பும் ரசமும் இப்போது தங்குகிறது.

24.5.95 புதன்

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினார். கிராம்பு வாசனை.

25.5.95 வியாழன்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. ராத்திரி தட்டு வைத்தேன். பரிமாறினேன். அவரும் சாப்பிட்டார், ருசியாக இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். குளியலறையில் குந்தி உட்கார்ந்து வறுத்தேனே, அதெல்லாம் யாருக்காக? உயிரோடு இருக்கட்டும் என்றுதானே. இருக்கிறார். உயிரோடு, கொழுகொழுவென்று, கிராம்பை மென்றுகொண்டு.

மனுஷனைப் பார்த்தால் குமட்டுகிறது. இதை எழுத எனக்கு வெட்கமாயில்லை.

3.6.95 சனி

அடுத்த வாரம் மாமனார் திதி. ஒரே பிள்ளை, இவர்தான் செய்யவேண்டும். நம் வீட்டில்தான். கல்யாணம் ஆனதிலிருந்து வருஷா வருஷம் நான் மடியாகச் சமைத்திருக்கிறேன்.

மத்தியானம் போன் வந்தது. இவர் எடுத்தார். ஸ்ரீலக்ஷ்மி. எங்கள் ஹால் சின்னது, அவள் குரல் பெரிது, எல்லாம் கேட்டது. அந்த ஆத்துல, அந்த அடுப்புல மன்னி பிராமணாளுக்குச் சமைக்கப்படாது, அப்பாவுக்குப் போய்ச் சேராது, தி.நகரிலிருந்து சமையல்கார மாமி ஒருத்தியை அனுப்புகிறேன், திதியை இங்கே என் வீட்டிலேயே வைத்துக்கொள் என்றாள். மன்னி வேண்டுமானால் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

நான் புளியைக் கரைத்துக்கொண்டு நின்றேன். கை நின்றுவிட்டது. இவர் சரி என்றால் இந்தக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு என் அண்ணா வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். மிரட்ட அல்ல. நிஜமாகவே.

இவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் இவர் சொன்னார்.

"லக்ஷ்மி, திதி பண்ணப் போறது நான். இருபது வருஷமா மீன் தின்னுண்டிருக்கறதும் நான்தான். அப்பா இருக்கறச்சேலேர்ந்து. ஜானு அதத் தொட்டதே எனக்கு உடம்புக்கு வந்தப்பறம்தான். அவ சமைக்கப்படாதுன்னா, நான் பிண்டம் வைக்கலாமா? அத முதல்ல சொல்லு."

பூணூலன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல என்றார். அப்புறம் வைத்துவிட்டார். அவள்தான் முதலில் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் திரும்பவில்லை. இத்தனை நாள் கழித்துச் சொன்னதற்குச் சபாஷ் சொல்லவேண்டுமா? புளியைக் கரைத்து முடித்தேன்.

9.6.95 வெள்ளி

திதி. நான்தான் சமைத்தேன். வாத்தியாரிடமும் சொல்லிவிட்டாராம். அவர் கொஞ்சம் யோசித்து, இனிமேல் விடறதா உத்தேசமா என்று மட்டும் கேட்டாராம். இவர் பொய் சொல்லவில்லையாம். ஏதோ பிராயச்சித்தம் சொல்லி நடத்திவைத்தார்.

ஸ்ரீலக்ஷ்மி வரவில்லை. இவர் நாலு தரம் வாசலைப் பார்த்தார். ஒரே தங்கை. எனக்கே பாவமாக இருந்தது.

21.6.95 புதன்

ஷிப்ட் முடிந்து வந்தால் சமையலறையில் இவர். ஆஃபீஸுக்கு அரை நாள் லீவு. தானே மார்க்கெட்டுக்குப் போய்க் கிழங்கான் வாங்கிவந்திருக்கிறார், கழுவாமல், தலையோடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸிங்க்கில் செதில் தேய்க்கிறார். தேய்க்கவும் தெரியவில்லை, ஒன்று வழுக்கிக் காய்கறிக் கூடைக்குள் போய் விழுந்தது. சுவரெல்லாம் செதில். மூடியிருந்த ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. கீழ் வீட்டு மாமிக்கு வாடை போகுமோ என்ற கவலையே இல்லை. இருபது வருஷம் தின்ற மனுஷனுக்கு ஒன்றை ஆய்ந்து எடுக்கத் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும், நீ உள்ள போய்ப் படுத்துக்கோ ஜானு, உனக்கு ஆகாது, நான் முடிச்சுட்டு அலம்பிவிட்டுடறேன் என்றார்.

கல்லில் போட்டார். எண்ணெய் தெறித்துக் கட்டைவிரலில் பட்டது. சிவப்பதற்குள்ளேயே திருப்பப் பார்த்தார். இருங்கோ, ஓரம் சிவக்கட்டும், ஒரே தடவைதான் என்றேன். சரி என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நாற்றம் குடலைப் பிடுங்கியது. தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே போகவில்லை.